சின்ன டப்பாவா, பெரிய டப்பாவா?

அலசத்தான் செஞ்சேன் தாயி! ஆமா, நான் இல்லைங்கல! அவலு மாதிரி தட்டையா, காஞ்சு போயி, டப்பாக்குள்ள ஒண்ணு வந்தா அத என்னான்னு நெனப்பாக? அவலுன்னுதான நெனப்பாக? எந்த ஊர்லயாவது அவல அலசாமத் திம்பாகளா, நீயே சொல்லு. உமி இருக்கும், தூசி இருக்கும், கல்லு கெடக்கும். மொதல்ல சொளவுல போட்டுப் பொடச்சேன். பொடச்சதுல பாதி பறந்து முத்தத்துல விழுந்துருச்சு. மிச்சத்தச் சட்டியில போட்டு, தண்ணிய ஊத்தி, இந்தக் கையால, முப்பது வருசமா அரிசி களையிற கையால, பைய ஒரு அலசு. ரெண்டாந் தண்ணிய வடிப்போம்னு சாச்சுப் பாக்குறேன்... சட்டியில என்ன இருக்குங்கிற? ஒண்ணும் இல்ல! மஞ்சளா ஒரு கொழகொழப்பு. மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்.

சிரிக்கிறியா? சிரி, சிரி. நீயாவது சிரிக்கிற. எம் மருமக சிரிக்கக்கூட இல்ல. நான் நீட்டுன கும்பாவப் பாத்தா, என்னயப் பாத்தா, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

ஏன் நின்னுக்கிட்டே இருக்க? உக்காரு. கொடத்த அந்த ஓரமா வையி. தண்ணி இன்னிக்கு வராது, அதுக்காக நீ நின்னா மட்டும் வந்துருமா? முந்தாநேத்துத்தான் விட்டான். இனி ஒரு வாரத்துக்கு அந்தக் கொழாயில காத்துதான் வரும். எங்க தொட்டியில கெடக்கு, ஒரு கொடம் மோந்து குடுக்கலாம்... ஆனா இப்பக் குடுக்கப்பிடாது. இல்லத்தா, கஞ்சத்தனமில்ல. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, பெறகு சொல்றேன். உக்காரு.

பேரு என்னன்னு சொன்ன? ரோஷினி. நல்ல பேரு. மெட்ராஸா? அதான பாத்தேன். குமாரலிங்கபுரத்துல வரப்போற ஜவுளிப் பூங்காவுல உங்க வீட்டுக்காரருக்கு இஞ்சினியர் வேலையாம்ல, முருகலட்சுமி சொன்னா. யாரா? எங்க பக்கத்து வீட்டுக்காரி. தெருவுல யாரு வீட்ல என்ன கொழம்புங்கிறது வரைக்கும் அவளுக்குத் தெரியும். ஆனா பாரு, பத்து நாளா அவ எங்கூட மொட்ட மாடியில நின்னுக்கிட்டுத்தான் பேசுறா. கீழ எறங்கி வர மாட்டேங்குறா. அதுக்கும் ஒரு காரணம் இருக்கு... விடு.

இந்தா, இந்தக் கும்பாவப் பிடி. சூடெல்லாம் இல்ல, வெதுவெதுன்னுதான் இருக்கும். ஒரே ஒரு வாய் தின்னு பாரு. பதம் எப்பிடியிருக்குன்னு சொன்னாப் போதும். நீ இதெல்லாம் திங்கிற புள்ளதான? தெரியும்! போன வாரம் உங்க வீட்டுக் குப்பக் கூடையில இதே டப்பாவப் பாத்தேன். வேணும்னு பாக்கலத்தா, கோலம் போடக் குனிஞ்சேன், கண்ணுல பட்டுச்சு. அப்பவே நெனச்சேன், இந்தத் தெருவுல நாக்குள்ள ஒருத்தி வந்துட்டான்னு. எங்க வயசுப் பொம்பளைககிட்டக் குடுத்து ருசி கேட்டா, 'ஒரு பச்ச மொளகா கிள்ளிப் போடு லட்சுமி'ம்பாளுக. அதுகளுக்குப் பச்ச மொளகா இல்லைன்னா அது பலகாரமே இல்ல.

அது என்ன கன்னத்துல, சின்னதா ஒரு குழி? பருவா? இல்லையா? சின்னப் புள்ளையில அம்மை போட்ட தழும்பா! எத்தன வயசுல? ஏழு வயசுலயா. நல்லாப் போட்டுச்சா, ஒடம்பு பூராவும்? ஆங். நல்லது, ரொம்ப நல்லது. இல்ல, சும்மாதான் கேட்டேன். மொகத்துக்கு அது ஒரு அழகாத்தான் இருக்கு. தின்னு, தின்னு.

நான் சொல்ல வந்தது என்னன்னா, எம் மருமக பிரவீணா. மதுரக்காரி. கலியாணமாகி எட்டு மாசமாச்சு. வீட்ல இருந்தே கம்ப்யூட்டர் வேல. நல்ல புள்ளதான், கொற சொல்லப்பிடாது... சொல்லப்பிடாதுன்னா, சொல்லாம இருக்க முடியுமா? வந்த மறுவாரம், காலையில எட்டு மணி. நான் இட்லி அவிச்சு, தேங்காச் சட்டினி ஒண்ணு, கார சட்டினி ஒண்ணு, சின்ன வெங்காயம் போட்டுச் சாம்பாரு, எல்லாம் ஆவி பறக்கக் கொண்டாந்து வைக்கிறேன். 'வேணாம் அத்தை, காலையில ஹெவியா இருக்கும்'ங்கிறா. இட்லி ஹெவியாம்! ஏத்தா, சாகக் கெடக்குறவுகளுக்கு டாக்டர் தின்னச் சொல்ற பண்டம் இட்லி! அத ஹெவிங்கிறா. சரி, வேற என்ன திம்பன்னு பாத்தா, ஐஸ்பொட்டியத் தொறக்குறா, ஜில்லுன்னு பால எடுக்குறா, இந்த டப்பாவக் கவுக்குறா, கறக் மொறக்குன்னு கடிக்கிறா. எலி எரவாணத்துல பலகையக் கொறிக்கிற மாதிரி ஒரு சத்தம். எங்க வீட்டுக்காரவுக அங்கிட்டுப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவுக, 'ஏ லட்சுமி, எலி வந்துருச்சு போல, பொறி எடுத்து வையி'ன்னாக. கண்ணாடி போடாம இருந்தா அவுகளுக்கு எதுவும் தெரியாது. அந்தப் புள்ளைக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு.

அவுக பலசரக்குக் கடை வச்சிருக்காக, பஜார்ல, உனக்குத் தெரிஞ்சிருக்கும். சங்கரபாண்டியன் கடைன்னா எல்லாரும் காட்டுவாக. அந்தக் கடையில இருந்துதான இந்த டப்பாவே வருது! ஊருக்கெல்லாம் விக்கிறாக, வீட்ல ஒரு நாள் தின்னு பாத்திருக்க மாட்டாக. இப்ப அவுகளும் எம் மகன் நவநீதகிருஷ்ணனும் பதினோரு நாளாக் கடை மாடியிலதான் படுத்துக்கிடுறாக. சண்டையா? சேச்சே. எங்க வீட்ல சண்டை போட அவுகளுக்கு ஏது நேரம், நான் பேசி முடிக்கணும்ல மொதல்ல. அது வேற காரணம்.

டப்பாவப் பாரு. இந்தா, கையில எடுத்துப் பாரு. வெளிய என்ன படம்? செவப்புப் பழம் போட்டுருக்கான், தேன் ஊத்துறான், பாலு துள்ளுது, ஒரு புள்ள முப்பத்திரெண்டு பல்லையும் காட்டிச் சிரிக்குது. உள்ள கைய விட்டுத் தேடுனா பழமும் இல்ல, தேனும் இல்ல, அந்தப் புள்ளையும் இல்ல. வெறும் சருகு. பொண்ணு பாக்க வரும்போது சொல்ற வேலையும் சம்பளமும் மாதிரி. ஒரு நாள் எம் மகன்கிட்டக் கேட்டேன், 'ஏலே தம்பி, இது என்னதுலடா செஞ்சுருக்கான்?' திருப்பிப் பாத்து வாசிச்சான். 'மக்காச்சோளம்மா'ன்னான்.

எனக்குச் சிரிப்பு தாங்கல! மக்காச்சோளம்! எங்க அண்ணன் மாரிச்சாமி பரளச்சியில வருசா வருசம் வெதைக்கிறது அதத்தான. மானம் பாத்த பூமி, மழ பேஞ்சா கதிரு, இல்லைன்னா தட்டை. வெளஞ்சத லோடு லோடாக் கோழிப் பண்ணைக்கு ஏத்தி விடுறான். ஆக, கோழி திங்கிறத நசுக்கி மினுக்குத் தாளுல கட்டிக் குடுத்தா மதுரக்காரி திம்பா! நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தனா? மறுநாள் காலையில அவ கும்பாவ எடுக்கையில 'கொக்... கொக்கொக்'ன்னு கூப்பிட்டேன். வெளையாட்டுக்குத்தான்! எங்க வீட்டுக்காரவுககூடச் சிரிச்சாக. அவ சிரிக்கல.

இன்னொண்ணு கேளு. அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைப்பம்ல? அன்னைக்குச் சோத்தோட சோறா இதையும் ஒரு கைப்பிடி வச்சேன், அவ பாக்கணும்னே. காக்கா மோந்து பாத்துட்டுப் போயிரும், 'பாத்தியா, காக்காகூடத் தொடல'ன்னு சொல்லலாம்னு நெனச்சேன். அந்தக் காக்கா என்ன செஞ்சுச்சு தெரியுமா? சோத்தத் தள்ளி விட்டுட்டு இத மட்டும் பொறுக்கித் தின்னுச்சு. மறுநாளும் வந்து சுவத்துல உக்காந்துக்கிட்டுக் கத்துது. நெய்ச் சோறு வச்சா திரும்பிப் பாக்கல! எங்க மாமனாருக்கு உசுரோட இருக்கும்போதும் எஞ் சமையல் பிடிக்காது. அன்னைக்கு மட்டும் எம் மருமக சிரிச்சா. உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டுச் சிரிச்சா, எனக்குக் கேட்டுச்சு.

அந்தக் கோவம்தான் தாயி. அந்தச் சிரிப்புத்தான் எல்லாத்துக்கும் காரணம். 'சோளம்னா என்னான்னு உனக்குக் காட்டுறேன் வாடி'ன்னு ஒரு ஞாயித்துக்கெழம பஸ்ஸுல ஏத்திப் பரளச்சிக்குக் கூட்டிட்டுப் போனேன். காட்டுல வச்சுக் கதிரு சுட்டுக் குடுத்து, சோளச் சோறு பொங்கி, கருவாட்டுக் கொழம்பு ஊத்தி, எங்க மதினிமாருக முன்னால அவளத் திங்க வைக்கணும்னு... ம். அந்தப் பேச்ச இப்ப எடுக்க வேண்டாம். தின்னு நீ. ஆறிப்போச்சுன்னா ருசி போயிரும்.

ஏன் பாதிக் கும்பாவோட நிறுத்திட்ட? நல்லால்லையா? நல்லாத்தான் இருக்கா? பெறகென்ன, தின்னு. நான் பேசிக்கிட்டே இருக்கேன்னு பாக்காத. எனக்குப் பத்து நாளாப் பேச ஆளு இல்ல. முருகலட்சுமிகூட மாடியில நின்னு கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு.

இப்பப் பிரவீணாவுக்கு ஒடம்புக்கு முடியல. அந்தா, அந்த ரூம்புல படுத்திருக்கா. வாய்க்குள்ள எல்லாம் புண்ணு. ஒரு வாய் முழுங்க முடியல. கஞ்சி வச்சுக் குடுத்தேன், எளநி வெட்டிக் குடுத்தேன், மோரு குடுத்தேன். எதையும் தொட மாட்டேங்குறா. 'என்னதாண்டி வேணும்?'னு கேட்டா, கையால இந்த டப்பாவக் காட்டுறா! ஆனா ஜில்லுன்னு பாலு ஊத்திக் குடுக்க முடியாதே. அந்தச் சருகு முனை ஒவ்வொண்ணும் வாய்ப் புண்ணுல கண்ணாடிச் சில்லாக் குத்தும். வெதுவெதுன்னு இருக்கணும், மெத்துன்னு இருக்கணும், அதே நேரம் கூழாயிரப்பிடாது. கூழானா அவளுக்குக் கொமட்டும். எப்பிடி? யாரக் கேக்குறது? இத எந்த மாமியா எந்த மருமகளுக்குச் சொல்லிக் குடுத்துருக்கா?

அவளையே கேக்கலாமேங்கிற. கேட்டா சொல்லணும்ல! பதினோரு நாளா வாயத் தொறந்து என்கிட்ட ஒரு வார்த்த பேசல. எவர்சில்வர் டம்ளர்ல கரண்டியால தட்டுவா. ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டு தட்டுன்னா காத்தாடியப் போடணும். மூணு தட்டுன்னா, 'நீங்க வெளிய போங்க'.

மொத நாளு அலசுனேன், சொன்னேன்ல. ரெண்டா நாளு குக்கர்ல வச்சு ரெண்டு விசிலு விட்டேன். அந்தப் பசைய வச்சு எலெக்சனுக்குப் போஸ்டர் ஒட்டலாம், அடுத்த எலெக்சன் வரைக்கும் உரியாது. மூணா நாளு கை தானா எண்ணெச் சட்டிய எடுத்து அடுப்புல வச்சுருச்சு. வெங்காயம் நறுக்கியாச்சு, கருவேப்பிலை உருவியாச்சு, கடுகு கையில இருக்கு. உப்புமாக் கிண்டிருவோம்னு. அப்பத்தான் சுரீர்னு ஒறைச்சுச்சு. ஆத்தாடி, இந்த வீட்ல இப்பத் தாளிக்கலாமா! சட்டிய எறக்கி வச்சுட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

ஏன் தாளிக்கப்பிடாதாவா? பத்துப் பதினோரு நாளா இங்க தாளிப்பும் இல்ல, வறுவலும் இல்ல. வெரதமான்னு கேக்குறியா? ஆமா, வெரதம் மாதிரின்னு வச்சுக்கயேன். கையி ஒடிஞ்ச மாதிரி இருக்குத்தா எனக்கு. கடுகு வெடிக்கிற சத்தம் இல்லாம ஒரு வீடு, அது என்ன வீடு?

நாலா நாளு மிக்சியில போட்டு மாவாக்கிப் பாலுல கரைச்சுக் குடுத்தேன். கரண்டியக் குத்தி நிறுத்தித் திருப்பி அனுப்புனா. கரண்டி சாயாம நிக்குது, கொடிமரம் மாதிரி!

அஞ்சா நாளு என்னாச்சுன்னா, வெள்ளென அஞ்சரைக்கு எந்திரிச்சேன். மானம் மூட்டமா இருந்துச்சு, லேசாத் தூத்தலு. வீட்ல யாரும் இல்ல. உள்ள அவ மொனங்குறா. எனக்கு அடுப்பு முன்னால உக்காரவே தெம்பில்ல. நேத்து ராத்திரிக் கஞ்சிய நெனச்சாலே வாயில எச்சி கசக்குது. பால மட்டும் காச்சி எறக்கி வச்சேன். பக்கத்துல டப்பா இருந்துச்சு. யாரும் பாக்கலையே, ஒரு கைப்பிடி கும்பாவுல போட்டு, பால ஓரமா ஊத்தி, தட்டப் போட்டு மூடி வச்சேன். பனங்கல்கண்டு கொஞ்சம் நுணுக்கிப் போட்டேன். நாட்டு வாழப்பழம் ஒண்ணு கனிஞ்சு கெடந்துச்சு, பாதிய மசிச்சு விட்டேன். தின்னேன்.

சும்மா சொல்லப்பிடாதுத்தா. அந்தக் கோழித் தீவனம் உள்ள எறங்க எறங்க, வயித்துக்குப் போர்வ போத்துன மாதிரி இருந்துச்சு. அடுப்படியில உக்காந்து அழுதுட்டேன். ஏன் அழுதேன்னு தெரியல. இம்புட்டு நாளா இந்தப் புள்ளயக் கேலி பண்ணுனமே, இதுல என்ன தப்பு இருக்குன்னு தோணுச்சு. முருகலட்சுமிகிட்டச் சொல்லிறாத. அவ இத ஊருக்கெல்லாம் சொல்லிருவா.

அதுலருந்து பதத்தப் பிடிச்சுக்கிட்டேன். பாலு பொங்கி எறக்குனதும் ஊத்தப்பிடாது. வெரல விட்டாப் பொறுக்கணும், அப்ப ஊத்தணும். மேல ஊத்தாம ஓரமா ஊத்தணும். மூடி வச்சு நூறு எண்ணணும். எங்க வீட்டுக்காரவுக மாதிரி கடை அவசரத்துல எண்ணப்பிடாது. அறுபதுல தொறந்தா முனை குத்தும். நூத்தம்பதுன்னா கூழு. நூறுன்னா நடுவுல லேசா ஒரு கடி இருக்கும், சுத்தி மெத்துன்னு இருக்கும். இம்புட்டுத்தான் வித்தை. டப்பாவுல இம்புட்டு எழுதுனவன் இத எழுதி வச்சானா? துள்ளுற பாலு படம் போடத் தெரியுது!

ஆனா பாரு, அப்பவும் அவ தின்ன மாட்டேங்குறா. நேத்து மூணு கரண்டி. முந்தாநேத்து ரெண்டு. பெறகு தள்ளி வச்சுருறா. ஆளு பாதியாப் போயிட்டா. இதுல நாளக்கழிச்சு மதுரைக்குக் கெளம்புறா. அவுக அம்மாகிட்டப் போன்ல சொல்லிக்கிட்டிருந்தா, கதவு மறைவுல நின்னு கேட்டேன். 'நாளக்கழிச்சு நான் போறேம்மா'ன்னா. போறேங்கிறா! 'போயிட்டு வாரேன்'னு சொல்லல. அந்த ஒரு வார்த்த எனக்கு நெஞ்சுல முள்ளாக் குத்திக்கிட்டு நிக்குது. எம் மகன் கடை மாடியில உக்காந்துக்கிட்டு, 'ஏம்மா, அவ என்ன சொல்றா?'ன்னு என்னயக் கேக்குறான். பொண்டாட்டி என்ன நெனக்கிறான்னு அம்மாகிட்டக் கேக்குற புள்ளைய நான்தான் பெத்தேன்.

இன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்காரவுக போன் போட்டாக. 'டப்பா தீரப்போகுதுன்னியே, சின்ன டப்பாவா, பெரிய டப்பாவா, எது எடுத்துட்டு வரட்டும்?'னு. இப்ப இருக்குறது ரெண்டு நாளைக்கு வரும். ரெண்டு நாளு கழிச்சு அத யாரு திங்கப் போறா? 'பெறகு சொல்றேன்'னு வச்சுட்டேன். முப்பது வருசத்துல ஒரு சாமானுக்கு நான் பதில் சொல்லாமப் போன வச்சது இன்னிக்குத்தான்.

அதுக்குத்தான் தாயி உன்னயக் கூப்பிட்டு உக்கார வச்சேன். பதம் தப்பா, நான் தப்பா? அது எனக்குத் தெரியணும். பதம் தப்புன்னா திருத்திக்கிடலாம்.

எங்க, கும்பாவக் காட்டு.

காலி! தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. ஓரத்துல இருந்த பழம்கூட இல்ல. இன்னும் கொஞ்சம் வேணுமா? கூச்சப்படாத. வேணாமா... நல்லா இருந்துச்சா? நெசமாவே? உங்க அம்மா வீட்லகூட இப்பிடித் தின்னதில்லையா?

அப்பப் பதம் சரிதான்.

அப்ப நான்தான் தப்பு.

ம். தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் உனக்கு ஊட்டிக்கிட்டு இருந்தேன். சொல்லிருறேன், யாருகிட்டயாவது சொல்லணும்ல. நாங்க பரளச்சிக்குப் போறதுக்கு மொத நாளு எங்க அண்ணன் போன் பண்ணுனான். 'ஏ லட்சுமி, இப்ப வராத. வீட்ல சின்னவளுக்கு முத்துப் போட்டுருக்கு. தண்ணி ஊத்துனதும் நானே வந்து கூப்பிடுறேன்'னான். தெளிவாச் சொன்னான். நான் என்ன சொன்னேன்? 'எங்களுக்கெல்லாம் ஒண்ணும் செய்யாதுண்ணே, நாங்க காட்டோட போயிட்டுக் காட்டோட வந்துருறோம்'னேன். எனக்கு அஞ்சு வயசுலயே வந்து போயிருச்சு, எனக்கென்ன பயம்? இவளுக்கு வந்துச்சா இல்லையான்னு ஒரு வார்த்த கேட்டனா? கேக்கல. அந்தக் காக்கா சிரிப்புத்தான் காதுல கேட்டுக்கிட்டு இருந்துச்சு. காட்டோட வந்தமா? அதுவும் இல்ல. மதினிமாருக்கு இவளக் காட்டணும்னு வீட்டுக்குள்ளயும் கூட்டிட்டுப் போனேன். கதிரு சுட்டுக் குடுத்தேன், சோளச் சோறு பொங்கிப் போட்டேன், அவளும் ஒண்ணும் சொல்லாமத் தின்னா. நல்லா இருக்கு அத்தைன்னுகூடச் சொன்னா! பதினஞ்சாம் நாளு நெத்தியில ஒண்ணு, கழுத்துல ஒண்ணு. மறுநாளு ஒடம்பு பூராவும்.

அண்ணன் போன் பண்ணுனது அவளுக்குத் தெரியாது. எம் மகனுக்குத் தெரியாது. அவுகளுக்கும் தெரியாது. 'எங்கருந்துதான் வந்துச்சோ, பஸ்ஸுல எவனாவது தும்மியிருப்பான்'னு நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டுத் திரியிறேன்.

என்ன, எந்திரிச்சுட்ட? அம்மைதான். ஆமா. வேற என்னன்னு நெனச்ச? தாளிக்கலைன்னு சொன்னேன், தண்ணி குடுக்கப்பிடாதுன்னு சொன்னேன், ஆம்பளைகள வெளிய அனுப்பியிருக்குன்னு சொன்னேன்... இவ்வளவு சொல்லியும் வெளங்கலைன்னா மெட்ராஸ்ல உங்களுக்கெல்லாம் என்னதான் சொல்லிக் குடுக்குறாக! வாசல்ல வேப்பங்கொலை இல்லையேங்கிறியா? இருந்துச்சு. காலையில நான்தான் கழட்டி அடுப்படிக்குள்ள வச்சேன். பின்ன, அது வாசல்ல தொங்குனா நீ படியேறுவியா? ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா, அவளுக்குத் தெரியும் எதுக்குக் கழட்டுனேன்னு. பயப்படாதத்தா, எறங்கிருச்சு, எல்லாம் பொருக்குத் தட்டிருச்சு. டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு, மாத்திரையும் போடுறா. ரெண்டு தண்ணி ஊத்தியாச்சு, நாளக்கழிச்சு மூணாந் தண்ணி. அதோட முடிஞ்சுச்சு. உனக்குத்தான் ஏழு வயசுலயே நல்லாப் போட்டுருச்சே, உங்கிட்டக் கேட்டுட்டுத்தான தின்னச் சொன்னேன்! கேக்காம இன்னொரு தடவ அந்தத் தப்பச் செய்வனா நான்?

ஏத்தா... ஏ ரோஷினி! கொடம்! கொடத்த விட்டுட்டுப் போறியே! செருப்பக் கையில தூக்கிக்கிட்டு ஓடுறதப் பாரு... படி பாத்து! விழுந்துறாத!

போயிட்டா.

மூணாந் தண்ணிக்குப் பெறகு வந்து கொடத்த எடுத்துக்கிடட்டும். அதுக்கு முன்ன இங்கிருந்து ஒண்ணும் வெளிய போகப்பிடாது. சொல்லாமக் கொள்ளாமப் போனா பாரு, அதுவும் நல்லதுதான். அம்மை கண்ட வீட்ல இருந்து 'போயிட்டு வாரேன்'னு சொல்லிட்டுப் போகப்பிடாது. மெட்ராஸ்காரின்னாலும் மொற தெரிஞ்ச புள்ள.

யாரு தட்டுறது... ஒண்ணு. தண்ணியாத்தா? இந்தா வாரேன். ரெண்டா? காத்தாடியா? மூணு... சரி சரி, நான் வெளியதான இருக்கேன். இன்னும் எத்தன தட்டுவ, டம்ளர் நெளிஞ்சு போகும்...

என்னத்தா? என்ன சொன்ன? நீ பேசுனியா இப்ப?

...எதக் கேட்டுக்கிட்டு இருந்த? எல்லாத்தையுமா? அலசுனதுல இருந்தா? எங்க அண்ணன்... போன் பண்ணுனதையுமா?

கதவு சாத்தித்தான இருந்துச்சு. எந் தொண்ட அப்பிடி. முருகலட்சுமியோட மாடிக்குக் கத்திக் கத்தி வந்த வென.

சொல்லு பிரவீணா. என்னயத் திட்டணும்னா திட்டு. எதையாவது தூக்கி எறியணும்னா அந்த டம்ளர எறி, அது எப்பிடியும் நெளிஞ்சுதான் கெடக்கு. ஆனா சொல்லு.

...இப்பச் சண்ட போடப்பிடாதா? ஆமா, போடப்பிடாதுதான், ஆத்தா இருக்குற வீடு. அதெல்லாம் உனக்கு யாரு சொன்னது? உங்க அம்மாவா? ...நாளக்கழிச்சு தண்ணி ஊத்துன பெறகு வச்சுக்கிடுவியா? ஒண்ணு ஒண்ணாக் கேப்பியா? கொக்கொக்குன்னு கூப்பிட்டதுல இருந்தா? ...ஆங். காக்காய்க்கு வச்சது வரைக்கும். சரி. கேளு. எல்லாத்துக்கும் கணக்காக் கேளு.

அப்ப மதுரைக்கு...? ஓ. அதுக்கு நாளாகுமா. நெறைய இருக்கா கேக்க.

இரு, கும்பா கொண்டாரேன். ...என்னது? அலசாதீகன்னா? அலசலடி! ஒரு நாளு அலசுனதுக்கு ஆயுசு பூராவும் சொல்லிக்கிட்டே இருப்பியா நீ!

இரு, ஒரு நிமிசம். பால ஊத்தி மூடியாச்சு, ஊறுறதுக்குள்ள ஒரு போன் போட்டுருறேன். நூறு எண்ண நேரமிருக்கு.

ஏங்க... நான்தான். கடையில கூட்டமா? இருக்கட்டும். காலையில கேட்டீகள்ல, டப்பா. பெருசாவே எடுத்துட்டு வாங்க. இருக்குறதுலயே பெருசு. ...எதுக்கா? மருமக எங்கூடச் சண்ட போட இருக்காளாம்!